திரும்ப இடம்

புல்வெளி ஒன்றுதான்.
வீடு இரண்டு, நடுச்சுவர் ஒன்று.
பர்னியில் இந்தக் குன்றின்மேல்
கடற்காற்று யாரிடமும் எண் கேட்பதில்லை.
அரசாங்கம் கேட்கும்.

என் எண்ணுக்கு மார்ச்சில் அனுமதி வந்தது.
முழங்கால் மாற்றியவள், எண்பத்தொன்று,
தனியாக இருப்பவள் என்று எழுதிக்கொண்டு
பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம்
தோட்ட உதவி தந்தார்கள்.
வெட்டலாம். செடி நடக்கூடாது.
நடைபாதையை மறிக்கும் கிளைக்குப் பணம் உண்டு,
ரோஜாவுக்குக் கிடையாது.
ரோஜாவே நடைபாதையை மறித்தால் உண்டு என்று
கண்டுபிடித்துச் சொன்னவள் ஏவிஸ்.

ஏவிஸ் அடுத்த பாதி. எழுபத்தொன்பது.
அவள் பெயர் வரிசையில் நின்றது.
அவளால் நிற்க முடியவில்லை என்பதற்காகத்தான்
அந்த வரிசையிலேயே சேர்த்தார்கள்.

கோரி வந்தான். முதல் வியாழன்
தண்ணீர்க் குழாயிலிருந்து துணிக்கொடிக் கம்பம்வரை
கண்ணால் ஒரு கோடு போட்டு
அதுவரைக்கும் வெட்டினான்.
என் பக்கம் முடிவெட்டிக்கொண்டு வந்த பள்ளிப் பையன்.
அவள் பக்கம் அவனுடைய அண்ணன்,
வேலை போய் வீட்டில் இருப்பவன்.
"தப்பா நினைக்காதீங்க வெரோனிக்கா,
தாளில் உங்க பேர் மட்டும்தான்."

நிறுவனத்துக்குப் போன் செய்தேன்.
இருபத்தைந்து நிமிடம் பியானோ வாசித்தார்கள்.
என் ஒரு மணியில் அரை மணியை
அடுத்த வீட்டுக்குத் தரலாமா?
தர இயலாது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

மூன்றாம் முறை கோரி சொன்னான்:
மெஷின் திரும்ப இடம் வேண்டும்.
ஓரடி அந்தப் பக்கம் போய்த் திரும்பினான்.
அடுத்த தடவை ஒரு கஜம்.
செப்டம்பரில் மெஷினுக்கே முழங்கால் போய்விட்டது போல,
ஏவிஸின் சமையலறை ஜன்னல்வரை போனால்தான்
அதற்குத் திரும்ப வந்தது.
ஜன்னலில் ஒரு தட்டு இஞ்சி பிஸ்கட் இருந்ததும்
காரணமாக இருக்கலாம்.

மாதக் கணக்கு வரும்.
தோட்டம், இரண்டு மணி.
பயணம். குப்பைக்கிடங்குக் கட்டணம்.
என்னைக் கவனித்துக்கொள்வதாகச் சொல்பவர்கள்
எனக்குத் தெரியாமல் கவனித்துக்கொண்டதற்கு
ஒரு கட்டணம்.
பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.
திரும்பியதற்கு ஒரு சதமும் இல்லை.

நவம்பரில் ஏவிஸுக்குக் கடிதம் வந்தது.
பதினோரு மாதக் காத்திருப்பு.
ஆளுக்கொரு கிளாஸ் ஷெரி குடித்தோம்,
அவள் இரண்டு.
வேறு நிறுவனம், வேறு நாள், வேறு ஆள்.
செவ்வாய்க்கிழமை லீசெல்:
காதில் கவசம், பேச்சு இல்லை, கை சுத்தம்.
கோரியிடம் சொன்னேன். தலையாட்டினான்.
அந்த வியாழன் மெஷின் மறுபடி இளமையாகி
கோட்டிலேயே திரும்பியது.

ஆனால் கோடு எது?
இதற்குள் குழாயை இடம் மாற்றியிருந்தார்கள்.
எதற்கு வம்பு என்று
அவன் ஒரு முழம் உள்ளேயே நிற்கிறான்.
லீசெலும் அப்படியே.
நடுவில் பாய் அகலத்துக்கு
எந்தப் பெயரிலும் சேராத புல்.
குளோவர் வந்தது. பிறகு தேனீ.
காலை வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறது,
அல்லது நாற்காலியை அங்கே போட்ட பிறகு
அப்படித் தோன்றுகிறது.
ஏவிஸ் சூப் கரண்டியால் குழி தோண்டி
மூன்று டேலியாக் கிழங்கு நட்டாள்.
நான் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டேன்.

நேற்று மறுமதிப்பீடு.
கையில் டேப்லட்டோடு ஒரு பெண்,
இருமியபடியே சுற்றி வந்தாள்.
"தடுக்கி விழுகிற இடமாச்சே.
இந்தத் துண்டு யாருடையது?"

கீழே மைதானத்தில் ஆள்காட்டிக் குருவி
யாரையோ காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.
நான் ஏவிஸைக் காட்டினேன்.
ஏவிஸ் என்னைக் காட்டினாள்.

திரையில் கட்டம் இரண்டுதான்போலும்.
வந்தவளின் விரல் அந்தரத்தில் நின்றது.
பிறகு டேலியாவை மிதிக்காமல்
சுற்றிக்கொண்டு போய்
காரில் ஏறினாள்.